சவுக்குத் தோப்பை மொட்டையடிக்காமல் வெட்ட வழி உண்டா?

திருவொற்றியூர்வாசி:
மீஞ்சூர் தாண்டி காட்டூர் பக்கம் 3 ஏக்கர் மணல் நிலம். கிழக்கு மேற்காக 120 மீட்டர், வடக்கு தெற்காக 100 மீட்டர். நாட்டுச் சவுக்கு, வயது 4, ஒன்றரை மீட்டர் இடைவெளி. உயரம் 12 மீட்டர், நெஞ்சு மட்டத்தில் சுற்றளவு 25 செ.மீ. வியாபாரி மொத்தத்தையும் ஒரே மூச்சில் வெட்டி, வேரையும் தோண்டி எடுத்துக்கொள்வதாகக் கேட்கிறார். அப்புறம் ஆடிக் காற்றில் மணல் நிற்காது. பெரிய மரங்களை மட்டும் பொறுக்கி வெட்டி, அந்தச் சந்தில் கன்று வைத்தால் சரிவருமா?

மணல்மேடு:
சரிவராது சார். சவுக்கு முழு வெயில் கேட்கும் மரம். நிழலில் வைத்த கன்று கம்பி மாதிரி மெலிந்து இழுத்துக்கொண்டு போய் காய்ந்துவிடும். மலைக்காட்டு மரங்களுக்குச் சொல்கிற 'பொறுக்கு வெட்டு' இங்கே தோற்பது இதனால்தான். பெரியதை எடுத்துவிட்டால் நோஞ்சான் மட்டும் மிஞ்சும் என்பது இன்னொரு கேடு.

காற்றையும் பாருங்கள். சுற்றளவு 25 என்றால் குறுக்களவு 8 செ.மீ. உயரம் 1200-ஐ எட்டால் வகுத்தால் 150. இந்த எண் 80-க்குள் இருந்தால் மரம் உறுதி, நூறைத் தாண்டினால் பக்கத்து மரத்தின் தயவில்தான் நிற்கிறது. ஆங்காங்கே உருவினால் அடுத்த புயலில் மிச்சமும் சாயும்.

உங்கள் அளவுக்கு, துண்டு துண்டாக ஐந்து வருடத்தில் வெட்டுவதுதான் பொருந்தும். கிழக்கே 11 வரிசை, மேற்கே 4 வரிசை, வடக்கிலும் தெற்கிலும் நாலு நாலு வரிசை தொடாமல் விடுங்கள். கடல் பக்கம் மட்டும் வேலி போதும் என்று நினைக்காதீர்கள். புயல் கிழக்கே கடலில் நிற்கும்போது காற்று வடக்கிலிருந்து அடிக்கும், நம்மைக் கடந்து மேற்கே போனதும் தெற்கிலிருந்து திரும்பி அடிக்கும்.

உள்ளே மிஞ்சுவது 65 வரிசை. 13 வரிசைக்கு ஒரு துண்டு, அகலம் 19.5 மீட்டர். அகலம் மர உயரத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருந்தால் கன்றுக்கு வெயிலும் கிடைக்கும், மணலுக்கு மறைப்பும் இருக்கும். மேற்கில் தொடங்கி வருடத்துக்கு ஒன்றாகக் கிழக்கே நகருங்கள். ஒன்று விட்டு ஒன்று வெட்டினால் நடுவில் நிற்கும் துண்டு இரண்டு பக்கமும் காற்று வாங்கும், இந்த மெலிந்த மரங்களுக்கு அது ஆகாது. கடைசித் துண்டை வெட்டும்போது அதற்கு வயது 8, முதல் துண்டில் மறுபடி வைத்த கன்றுக்கு மூன்றரை நெருங்கியிருக்கும்.

வெட்டு மாசியில். ஐப்பசி மழைக்குள் ஓர மரங்கள் காற்றுக்குப் பழகிவிடும். மிலாறையும் (சிறு சுள்ளி) சருகையும் அள்ளிப்போக விடாமல் வடக்கு தெற்காக வரப்பு மாதிரி போட்டால் ஆடியில் மணல் தங்கும். புரட்டாசிக் கடைசியில் ஒரு அடிக் குழி, தொழுவுரம் ஒரு கிலோ. பழைய மரத்தடி வேர்முடிச்சை நசுக்கி நீரில் கரைத்து நாற்றுக்கு ஊற்றுங்கள். தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் அதில்தான் இருக்கிறது. முதல் வருடம் ஊடே வேர்க்கடலை போடலாம்.

பொன்னேரி நாற்றங்கால்:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வேரைத் தோண்ட ஒப்புக்கொள்ளவே கூடாது. மணலைப் பிடித்திருப்பது அதுதான், உள்ளேயே மக்கட்டும். ஒரே விலக்கு: அடிமரத்தில் விசிறி மாதிரிக் காளான் இருந்தால் அது கானோடெர்மா என்ற பூஞ்சையால் வரும் வேரழுகல். அந்த மரத்தை வேரோடு எடுத்து எரித்து, சுற்றிலும் இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்ட வேண்டும். விட்டால் வேர் வழியாகப் பக்கத்து மரத்துக்குப் போகும். பட்டை கொப்பளித்து உள்ளே கரி மாதிரித் தூள் இருந்தால் அது வேறு நோய். வெட்டி அங்கேயே எரியுங்கள், தோப்புக்குள் இழுக்காதீர்கள்.

மறுநடவுக்கு உள் துண்டுகளில் ஜுங்குனியானா என்ற இன்னொரு சவுக்கு இனம் அல்லது அதன் கலப்பினக் குளோன் வைக்கலாம். நாட்டுச் சவுக்கு வெட்டினால் சரியாகத் துளிர்க்காது, இது துளிர்க்கும். அரையடி உயரத்தில் சரிவாக வெட்டி, நல்ல போத்து இரண்டை மட்டும் விட்டால் அடுத்த முறை நடவுச் செலவு மிச்சம். ஆனால் உப்புக் காற்று நேராக அடிக்கும் கிழக்கு வரிசைக்கு நாட்டுச் சவுக்கையே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வயதாகி விழும் மரத்தின் இடத்தில் புன்னை வையுங்கள். மெதுவாக வளரும், உப்பையும் அரை நிழலையும் தாங்கும்.

திருவொற்றியூர்வாசி:
நன்றி. ஒரு துண்டு மட்டும் என்றால் வியாபாரி வருவாரா?

மணல்மேடு:
ஒரு துண்டில் சுமார் 750 மரம். மரத்துக்கு 15 கிலோ வைத்தாலும் 11 டன், ஒரு லாரிக்குப் போதும். தோப்பைக் குத்துமதிப்பாக விலை பேசாமல் எடை போட்டு விற்றுவிடுங்கள். நேரான கம்புகளைத் தனியாகப் பிரித்துப் பந்தல்காரர்களிடம் எண்ணிக்கைக்குக் கொடுங்கள், காகிதக் கூழுக்குப் போகும் மர விலையைவிடக் கூடுதலாகக் கேட்கலாம். லாரி வழியை வடமேற்கு மூலையில் வளைத்து விடுங்கள். நேராக விட்டால் காற்று அதற்குள் புகுந்து வரிசையைப் பிளக்கும். வரப்பில் பனை இருந்தால் வெட்டுகிறவர்களிடம் முன்னாடியே சொல்லிவையுங்கள், கலெக்டர் அனுமதி இல்லாமல் அதில் கத்தி வைக்க முடியாது.