மூன்றா, நான்கா? ராமானுஜன் ரூட்டில் உறுத்தும் இடம்

அந்த ரூட் (வர்க்கமூலம்) எல்லாருக்கும் தெரியும், 1911-ல் இந்தியக் கணிதக் கழக இதழில் ராமானுஜன் கேள்வியாகப் போட்டது: √(1+2√(1+3√(1+4√(1+…)))). விடை 3. வழியும் ஒரே வரிதான். 3 = √(1+2×4). அந்த 4 = √(1+3×5). அந்த 5 = √(1+4×6). இப்படியே உள்ளே இறங்கலாம்.

சரி, 4-லிருந்து இறங்கிப் பாருங்கள். 4 = √(1+2×7.5). 7.5 = √(1+3×18.42). 18.42 = √(1+4×84.54). வெளியே அதே 2, 3, 4, அதே ரூட். அப்படியானால் விடை 4 என்றும் சொல்லலாமே! பல விளக்கங்கள் இதைத் தொடாமலே 3 என்று முடித்துவிடுகின்றன.

———

மேலே எழுதிய நண்பருக்கு: விடை 4 என்று சொல்ல முடியாது. முடிவில்லாத ரூட் என்றால், ஓர் இடத்துக்கு மேல் உள்ளே மிச்சமிருக்கும் வாலை வெட்டி, அங்கே 1 வைத்துக் கணக்கிடும்போது விடை எதை நெருங்குகிறதோ அதுதான். ஒரு ரூட்டோடு வெட்டினால் 1.732, இரண்டில் 2.236, மூன்றில் 2.560, நான்கில் 2.755. நான்காவதில் வெட்டிய வால், 3, 4, 5, 6-க்கு அடுத்த 7. அதன் இடத்தில் 1 வைத்தோம், ஏழு மடங்கு குறை. ஆனால் ஒவ்வொரு ரூட்டைத் தாண்டும்போதும் குறை தன் வர்க்கமூலத்துக்கு மேல் போகாது. நான்கைத் தாண்டி வெளியே வந்தால் அதிகபட்சம் 1.13 மடங்கு. பத்து ரூட்டில் பிழை 0.008-க்கும் கீழே. என்னைக் கேட்டால் சமன்பாட்டின் அழகே இந்தச் சுருக்கம்தான். உங்கள் 4-ல் வால் 84.54-க்கு அடுத்து 1429 என்று பாய்கிறது. ரூட் சுருக்கச் சுருக்க அது பெருகுவதால் குறை தீரவே தீராது.

———

அழகு என்றதும் 2014-ல் லண்டனில் நடந்த ஆய்வு நினைவுக்கு வருகிறது. 15 கணிதவியலாளர்களுக்கு 60 சமன்பாடுகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். அழகு என்று ஆய்லர் சமன்பாட்டுக்கு (e^(iπ) + 1 = 0) மதிப்பெண் குவிந்தது. அவலட்சணம் என்று பெயர் வாங்கியது 1/பை-யின் (1/π) மதிப்பைத் தரும் ராமானுஜனின் முடிவில்லாத தொடர். இதை ஏற்கவே முடியாது. 9801, 1103, 26390, 396 என்ற எண்களைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் முதல் உறுப்பைப் போட்டுப் பார்க்க வேண்டும்: 9801 ÷ (1103×2×√2) = 3.14159273. ஒரே உறுப்பில் ஆறு தசம இடம் சரி!

கால்குலேட்டரில் போடும்போது அடைப்புக்குறியை விடாதீர்கள், விட்டால் 25.13 வரும். இரண்டாவது உறுப்புக்கு 24×27493-ஐ (27493 = 1103+26390) 396-ன் நான்காம் அடுக்கால் வகுத்து 1103-உடன் கூட்டி, வருவதை 1103 இருந்த இடத்தில் போடுங்கள்: 1103.0000268320. பத்து இலக்கக் கால்குலேட்டர் இதை 1103.000027 என்று உருட்டிவிடும், பையில் ஒன்பதாம் இடத்துக்கு மேல் நம்ப முடியாது. எக்ஸெலில் செய்யுங்கள். அங்கும் 15 இலக்கம்தான், அதனால் மூன்றாவது உறுப்பைச் சேர்த்தால் திரையில் எதுவும் மாறாது. தொடர் நின்றுவிட்டது என்று எண்ண வேண்டாம், உறுப்புக்கு எட்டு இடம் வீதம் அது போய்க்கொண்டுதான் இருக்கிறது. 1985-ல் அமெரிக்கக் கணிதவியலாளர் கோஸ்பர் இதே தொடரை வைத்துத்தான் பையை 1.7 கோடி இடங்களுக்குக் கொண்டுபோனார்.