சம்பளம் இல்லாத ஜெர்மனி இன்டர்ன்ஷிப்: வளையலை அடகு வெச்சுப் போகலாமா?

பெரம்பூர்_மெக்:
வணக்கம். மெக்கானிக்கல் ரெண்டாவது வருஷம், நாலாவது செமஸ்டர். டிசம்பர் லீவுல 38 பேராசிரியர்களுக்கு மெயில் போட்டேன். மூணே பேர் பதில் போட்டாங்க, அதுல ஒருத்தர் மட்டும் வரச் சொல்லியிருக்கார். டிரெஸ்டன்ல இருக்கார், உலோகக் களைப்பு, அதாவது திரும்பத் திரும்ப விசை பட்டு உலோகம் விரிசல் விடறது பத்தின லேப். ஜூன், ஜூலை வரலாம், ஆனா உதவித்தொகை தர வழியில்லன்னு தெளிவா எழுதிட்டார். அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில ஃபிட்டர். அம்மா ரெண்டு வளையலைக் கழட்டி மேசையில வெச்சுட்டாங்க, அதைப் பாத்ததுலேர்ந்து எனக்குத் தூக்கம் வரல. இதுக்கு நடுவுல ஒரு ஏஜென்சி, ஒன்றரை லட்சம் கட்டினா விசா, ரூம் எல்லாம் அவங்களே பாத்துக்கிறதா சொல்றாங்க. போகலாமா? போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

அடையாறு_அக்கா:
தம்பி, முதல்ல அந்த வளையலை எடுத்து அம்மா கையில போடு. ஏஜென்சிக்கு ஒரு பைசா கட்டாத. அழைப்புக் கடிதம் உன் கையில இருக்கு. மத்த எல்லாம் நீயே செய்யக்கூடிய பேப்பர் வேலைதான்.

நான் கிண்டியில படிச்சேன், 2023 கோடையில டிரெஸ்டன்லதான் ரெண்டரை மாசம் இருந்தேன். ஜெர்மனியில மாணவர் விசாவுக்கு, செலவுக்கு மாசம் 992 யூரோ கையில இருக்குன்னு காட்டணும்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. உனக்கு அந்த விசா தேவைப்படாம போகலாம், ஆனா செலவுக்கு அதையே அளவா எடுத்துக்க. யூரோ நூறு ரூபாய்னு வெச்சாலும் ரெண்டு மாசத்துக்கு ரெண்டு லட்சத்தைத் தொடும். டிக்கெட், விசா கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி. ஷெங்கன் விசாவுக்குன்னா (ஐரோப்பாவுல கொஞ்ச நாள் தங்கறதுக்கான விசா) அந்த இன்ஷூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது. ஃபிட்டர் சம்பளத்துல இது சின்னச் சுமை இல்ல.

உனக்கு இன்னொரு கோடை இருக்குங்கிறதுதான் முக்கியம். டாட்ங்கிற (DAAD) ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு நடத்துற வைஸ் (WISE) உதவித்தொகை நம்ம ஊர் அறிவியல், பொறியியல் பசங்களுக்குன்னே இருக்கு. மாச உதவித்தொகையோட பயணத்துக்கும் பணம் தருவாங்க. மூணாவது வருஷத்துல இருக்கிறவங்களுக்கானது அது. விண்ணப்பம் முந்தின வருஷக் கடைசியிலயே முடிஞ்சிடும், அதனால செப்டம்பர்லயே தயாரா இரு. தகுதி விதிகளை அவங்க தளத்துலயே படி. அந்த விண்ணப்பத்துக்கு முதல்ல வேணும்னு கேக்கிறதே ஜெர்மன் பேராசிரியரோட சம்மதக் கடிதம்தான். முக்காவாசி பேர் அங்கதான் மாட்டிக்கிறாங்க, நீ அதை ஏற்கெனவே தாண்டிட்ட. அவருக்கு இன்னைக்கே எழுது: "அடுத்த கோடையில, உதவித்தொகைக்கு விண்ணப்பிச்சு வர விரும்புறேன், சம்மதமா?" நாலு வரி போதும்.

லேப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். நான் அங்க செஞ்ச வேலை அலுமினியத் துண்டுகளை இயந்திரத்துல மாட்டி, முறியற வரைக்கும் ஆட்டுறது. மூணாவது நாள் ஒரு துண்டை சாய்வா மாட்டிட்டேன், தப்பான இடத்துல முறிஞ்சது. குப்பையில போட்டுட்டு வேற எடுக்கப் போனேன். பக்கத்துல இருந்த பி.எச்.டி. மாணவி என் கையைப் பிடிச்சு நிறுத்தி, முறிஞ்ச துண்டை லேப் நோட்டு மேல வெச்சு, "இதையும் எழுது"ன்னா. தேதி, எந்தப் பக்கம் சாய்ஞ்சது, எத்தனை சுற்றுல முறிஞ்சது, எல்லாம். நம்ம ரெக்கார்டு நோட்டுல வராத ரீடிங்கையும் வந்த மாதிரி எழுதியே பழகின எனக்கு அன்னைக்குக் கை நடுங்குச்சு. அந்தப் பக்கத்தோட போட்டோ இன்னும் என்கிட்ட இருக்கு. இதுக்காக நீ கண்டிப்பா போகணும். ஆனா கடன் இல்லாம போ.

வேளச்சேரி_2019:
நான் கொஞ்சம் மாறுபடறேன். அடுத்த வருஷம் அந்தப் பேராசிரியர் விடுப்புல போயிடலாம், உதவித்தொகையும் கிடைக்காம போகலாம். கையில வந்ததை விடறதும் நஷ்டம்தான். அப்பாவால கடன் இல்லாம முடியும்னா போ. இன்னொண்ணு, ஏப்ரல்-மே செமஸ்டர் தேர்வு தள்ளிப்போனா ஜூன்ல பேப்பர் இருக்கும். என் நண்பனுக்கு அப்படித்தான் டிக்கெட் வீணாச்சு. தேர்வு அட்டவணை வராம டிக்கெட் போடாத.

அடையாறு_அக்கா:
வேளச்சேரி சொல்ற பயம் நியாயம்தான். அதனாலதான் அவர்கிட்ட எழுத்துலயே சம்மதம் வாங்கச் சொல்றேன். இன்னும் நாலஞ்சு பேருக்கும் மெயில் போட்டுவை.

ரூம் விஷயம் மறந்துட்டேன். கோடையில ஊருக்குப் போற மாணவங்க ரூமை ரெண்டு மூணு மாசம் உள்வாடகைக்கு விடுவாங்க, அங்க அதுக்கு "ஸ்விஷென்மீட்டே"ன்னு பேரு. "நான் வெளிநாட்டுல இருக்கேன், அட்வான்ஸ் அனுப்பு, சாவி தபால்ல வரும்"னு ஒருத்தர் எழுதினா அது மோசடி. நான் 300 யூரோ அப்படி இழந்தேன். லேப்ல யாரையாவது நேர்ல பாத்துட்டு வரச் சொல்லு, அவங்க தயங்காம செய்வாங்க. இந்த ஒரு வருஷத்துல நுங்கம்பாக்கம் மேக்ஸ் முல்லர் பவன்ல ஜெர்மன் மொழியோட முதல் நிலையான ஏ1 முடிச்சிடு.

பெரம்பூர்_மெக்:
அக்கா, அன்னைக்கு ராத்திரியே எழுதினேன். ரெண்டு நாள்ல பதில் வந்துடுச்சு. அடுத்த கோடை சரியாம், கடிதம் செப்டம்பர்ல தரேன்னு சொல்லி, படிக்க ரெண்டு கட்டுரையும் அனுப்பியிருக்கார். அப்பாகிட்ட காட்டினேன். அதுல விரிசல் படத்தைப் பாத்துட்டு, "இது எங்க ஷாப்ல போகி ஃப்ரேம்ல (பெட்டிக்கு அடியில சக்கரங்களைத் தாங்குற சட்டம்) வர்ற அதே விரிசல்டா"ன்னு அரை மணி நேரம் விளக்கினார். முதல் கட்டுரையில நாலு பக்கம் தாண்டிட்டேன், எவ்வளவு விசைக்கு எத்தனை சுற்றுல முறியும்னு காட்டுற எஸ்-என் வளைகோடு மட்டும் புரியல. யாராவது சொல்லித்தர முடியுமா?