பட்டியலில் இல்லாத மடிக்கணினியில் விண்டோஸ் 11 போடலாமா?

பனையோலை:
என்னிடம் இருப்பது 2016 கடைசியில் வாங்கிய மடிக்கணினி. இன்டெல் ஐ5-6200யு, 8 ஜிபி ரேம், பின்னாளில் மாற்றிய எஸ்எஸ்டி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது இருக்க வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். என்னுடையது ஆறாம் தலைமுறை, அவர்களுடைய தகுதிப் பட்டியலில் இல்லை.

ஆதரவு முடியும்வரை நான் காத்திருக்கவில்லை. நிறுவல் பென்டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் என்ற மென்பொருளைக் கொண்டு, விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் போட்டு ஓராண்டுக்கு மேல் ஆகிறது. மாதாமாதம் பாதுகாப்பு பேட்ச் வருகிறது. வைஃபை, கேமரா, ஒலி எதிலும் குறையில்லை. அப்பாவிடமும் இதே மாடல் இருக்கிறது, அது இன்னும் விண்டோஸ் 10தான். அதிலும் 11 போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். ஆனால் நண்பர் ஒருவர், "கூடவே கூடாது, பாதுகாப்பில்லை" என்று அடித்துச் சொல்கிறார். நன்றாக ஓடும் கணினியைக் குப்பைக்கு அனுப்புவதுதான் தவறு என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இரவுக்காவல்:
நான் உங்கள் நண்பர் பக்கம். கணினிகளைப் பராமரிப்பதுதான் என் தொழில், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில், தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்று உறுதி கிடையாது, பாதுகாப்பு அப்டேட்டும் இதில் அடக்கம். இதை மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. இன்று வருவதால் அடுத்த ஆண்டும் வரும் என்று எப்படி நம்புவது? இரண்டாவது, 2021 ஆகஸ்டில் அவர்கள் வெளியிட்ட கணக்கு: தகுதியுள்ள கணினிகளில் 99.8 சதவீதம் கிராஷ் இல்லாத அனுபவம், தகுதியில்லாதவற்றில் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) கிராஷ் 52 சதவீதம் அதிகம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். விண்டோஸ் 11இல் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு பாதுகாப்பு உண்டு. கையொப்பம் சரிபார்க்காத நிரல் எதுவும் கெர்னலுக்குள் ஓடாமல் அது தடுக்கும். இதை வேகக் குறைவில்லாமல் செய்ய ப்ராசஸரிலேயே ஒரு வசதி வேண்டும். இன்டெல்லில் அது ஏழாம் தலைமுறையான கேபி லேக்கில்தான் வந்தது. உங்கள் ஆறாம் தலைமுறையில் அதே வேலையை மென்பொருள் பாவனையாகச் செய்ய வேண்டியிருக்கும், அதனால் கணினி மந்தமாகும். மந்தமானதும் பலர் அதை ஆஃப் செய்துவிடுவார்கள். அப்புறம் பெயர்தான் விண்டோஸ் 11.

பனையோலை:
காரணத்தோடு எழுதியதற்கு நன்றி அண்ணா. ஒவ்வொன்றாக வருகிறேன்.

52 சதவீதம் என்றால் பெரிதாகத் தெரிகிறது. இரண்டு எண்ணும் ஒரே அளவுகோலில் எடுத்தவை என்று வைத்துக்கொண்டால், தகுதியுள்ள கணினியில் கிராஷ் 0.2 சதவீதம். அது ஒன்றரை மடங்கு ஆனால் 0.3. இதற்காகவா கணினியைத் தூக்கி எறிவது?

மெமரி இன்டெக்ரிட்டி பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அதுதான் காரணமென்றால் பட்டியல் ஏன் அப்படி இல்லை? கேபி லேக்கில் அந்த வசதி இருக்கிறது, ஆனாலும் ஏழாம் தலைமுறையில் பெரும்பாலானவை வெளியே நிற்கின்றன. ஏஎம்டி ப்ராசஸர்களில் அது ஜென் 2 என்ற தலைமுறையில்தான் வந்தது, ஆனால் அதற்கு முந்தைய ஜென்+ ரகமான ரைசன் 2000 வரிசை உள்ளே இருக்கிறது. வசதி இருப்பது வெளியே, இல்லாதது உள்ளே! ஐ7-7820எச்க்யூ என்ற ஏழாம் தலைமுறைச் சில்லைப் பிற்பாடு சேர்த்தார்கள். மைக்ரோசாஃப்டின் சொந்தக் கணினியான சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2இல் இருந்தது அந்தச் சில்தான். அதே குடும்பத்து 7700எச்க்யூவுக்கு இடமில்லை. இதை நியாயம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்று, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி. 2016 ஜூலை இறுதியிலிருந்து விண்டோஸ் 10உடன் வரும் புதுக் கணினிகளில் டிபிஎம் 2.0 இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் வைத்த விதி. என் கணினியில் அது இருக்கிறது, பயாஸில் போய் ஆன் செய்ததோடு சரி. கையொப்பமுள்ள ஓஎஸ்ஸை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டும் ஆனில்தான் இருக்கிறது. மிச்சம் இருப்பது ப்ராசஸர் பெயர் ஒன்றுதான்.

இரவுக்காவல்:
பட்டியலில் முரண் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். 7820எச்க்யூ விஷயத்தில் எனக்கும் அன்றைக்குக் கோபம் வந்தது. ஆனால் கோடு கோணலாகப் போட்டிருப்பதால் கோட்டுக்கு வெளியே நிற்பது பாதுகாப்பு என்று ஆகிவிடாது. ரூஃபஸ் விண்டோஸையே திருத்திவிடுகிறதே, அதை எப்படி நம்புகிறீர்கள்?

செம்பருத்தி:
இங்கே ஒரு சின்னத் திருத்தம். ரூஃபஸ் விண்டோஸைத் திருத்துவதில்லை. நிறுவல் நிரல் தொடங்கும்போது டிபிஎம் உண்டா, செக்யூர் பூட் உண்டா, ரேம் போதுமா என்று பார்க்கும். அந்தச் சோதனையைத் தாண்டச் சொல்லும் சில மதிப்புகளை, விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் லேப்கான்ஃபிக் என்ற சாவியின் கீழ், ரூஃபஸ் முன்கூட்டியே எழுதி வைக்கிறது. அவ்வளவுதான். ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கியிருந்தால் வட்டில் போய் உட்காருவது அவர்களுடைய விண்டோஸ்தான்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. "பழைய கணினிக்கென்றே இலகுவாக்கிய விண்டோஸ் 11" என்று யாரோ தயாரித்து ஏற்றி வைத்திருக்கும் ஐஎஸ்ஓக்கள். உள்ளே எதை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கோரைப்பாய்:
மேக் பக்கத்திலிருந்து ஒரு குரல். நான் 2012 மேக்புக் ப்ரோவில் மேக்ஓஎஸ் செக்கோயா ஓட்டுகிறேன். ஆப்பிள் கணக்கில் இந்த மாடல் 2019இல் வந்த கேட்டலினாவோடு முடிந்துவிட்டது. ஓபன்கோர் லெகசி பேட்சர் என்ற கருவிதான் இதை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறது.

ஆனால் இதை விண்டோஸ் கதையோடு சேர்க்கக்கூடாது. செம்பருத்தி சொன்னபடி அங்கே நுழைவுச் சோதனையைத் தாண்டினால் போதும். இங்கே ஆப்பிள் பழைய கிராஃபிக்ஸ் டிரைவர்களையே புது மேக்ஓஎஸ்ஸிலிருந்து எடுத்துவிட்டது. என் கணினியின் எச்டி 4000 கிராஃபிக்ஸுக்கான டிரைவர் மான்டெரேயிலேயே போய்விட்டது. பேட்சர் அதைப் பழைய பதிப்பிலிருந்து கொண்டுவந்து மறுபடி உள்ளே வைக்கிறது. அப்படி வைக்க வேண்டுமானால் சிஸ்டம் பகுதிக்கு ஆப்பிள் போட்ட டிஜிட்டல் முத்திரை உடைய வேண்டும், எஸ்ஐபி என்ற காவலையும் தளர்த்த வேண்டும். ஒவ்வொரு அப்டேட்டும் நாம் வைத்ததைத் துடைத்துவிடும். வைஃபை காணாமல் போகும், திரை இழுத்து இழுத்து நகரும். பேட்ச் போட்டு ரீஸ்டார்ட் செய்தால்தான் பழைய நிலைக்கு வரும். அப்டேட்டும் சின்னத் துண்டாக வராது, ஒவ்வொரு முறையும் 12 ஜிபிக்கு மேல் முழு நிறுவியையே இறக்க வேண்டும்.

எனக்கு இது பிடித்திருக்கிறது, செய்கிறேன். வங்கி வேலையை மட்டும் அதில் செய்வதில்லை.

இரவுக்காவல்:
கோரைப்பாய், கடைசி வரியில் நீங்களே என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள்.

கோரைப்பாய்:
உங்கள் கட்சிக்கு வரவில்லை. கேட்டலினாவிலேயே இருந்திருந்தால் 2022க்குப் பிறகு ஒரு பேட்ச்கூட வந்திருக்காது, புது சஃபாரியும் கிடையாது. முத்திரை உடைந்த செக்கோயா, பேட்ச் நின்றுபோன கேட்டலினா என்ற இரண்டில் எது என்று கேட்டால் முன்னதைத்தான் எடுப்பேன். புதுக் கணினியோடு ஒப்பிட்டு மட்டும் பேசாதீர்கள். புதுக் கணினி வாங்காதவர் அதே பழைய ஓஎஸ்ஸில்தான் உட்கார்ந்திருப்பார், அதோடு ஒப்பிடுங்கள்.

புதுவரவு:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் கோர் 2 டூவோ என்ற பழைய இன்டெல் ப்ராசஸர் உள்ள மேசைக்கணினி இருக்கிறது, 4 ஜிபி ரேம். ரூஃபஸ் மூலம் இதிலும் 11 போடலாமா?

செம்பருத்தி:
முடியாது. கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே முடியாது. 24எச்2 முதல் விண்டோஸ் 11க்கு பாப்கவுன்ட், எஸ்எஸ்இ 4.2 என்ற ப்ராசஸர் கட்டளைகள் கட்டாயம். கோர் 2 டூவோவில் அவை இல்லை. எந்தச் சோதனையைத் தாண்டினாலும் கணினி பூட் ஆகாது.

பனையோலையின் கணினியைப் பட்டியல்தான் தடுக்கிறது, அந்தச் சில்லுக்குத் தேவையான கட்டளைகள் எல்லாம் தெரியும். உங்கள் சில்லுக்கு அந்தக் கட்டளையே தெரியாது. "விடமாட்டோம்" என்பதும் "முடியாது" என்பதும் வேறு வேறு. எந்தப் பழைய கணினிக்கும் முதலில் இது எந்த வகை என்று பாருங்கள், பாதி விவாதம் அங்கேயே தீர்ந்துவிடும்.

உங்களுக்கு டெபியன் 13 என்ற லினக்ஸ் பொருந்தும். 64 பிட் பதிப்பை எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்போடு போடுங்கள். எல்லா லினக்ஸும் பழைய கணினியை ஏற்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ரெட் ஹேட் என்ற நிறுவனங்களுக்கான லினக்ஸின் 10ஆம் பதிப்பு ஏவிஎக்ஸ்2 கட்டளைகளைக் கேட்கிறது, இன்டெல்லில் அவை 2013இல் ஹாஸ்வெல்லோடு வந்தவை. லினக்ஸ் உலகமும் கோடு போடத்தான் செய்கிறது. இன்னொரு விஷயம், ப்ராசஸர்களில் உள்ள ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைபாடு 2018இல் வெளியானபோது உங்கள் தலைமுறைச் சில்லுகளுக்கு மைக்ரோகோடு (சில்லின் உள் நிரல்) திருத்தம் தருவதில்லை என்று இன்டெல் முடிவெடுத்தது. எந்த ஓஎஸ் போட்டாலும் அந்த ஓட்டை முழுதாக அடையாது. பிரௌசரை அப்டேட் செய்துகொண்டே இருங்கள்.

புதுவரவு:
புரிந்தது, நன்றி. இன்றிரவே டெபியன் போட்டுப் பார்க்கிறேன்.

இரவுக்காவல்:
செம்பருத்தி பிரித்துக் காட்டியது நன்றாக இருக்கிறது, என் வாதத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறேன். பனையோலை, உங்கள் கணினியைப் பற்றி இனி நான் எதுவும் சொல்லவில்லை. என் கவலை அப்பாவின் கணினி பற்றியது.

என் சொந்த அனுபவம் ஒன்று. உறவினர் ஒருவரின் ஏழாம் தலைமுறைக் கணினியில் 23எச்2 போட்டுக் கொடுத்தேன். ஆமாம், நானும் போட்டிருக்கிறேன். மாதாந்திர பேட்ச் ஒழுங்காக வந்தது, நானும் மறந்துவிட்டேன். ஹோம், ப்ரோ பதிப்புகளில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 24 மாதம்தான் ஆதரவு. 23எச்2க்கு அது 2025 நவம்பர் 11 அன்று முடிந்தது. தகுதியுள்ள கணினி என்றால் அதற்குள் 24எச்2 தானாகவே வந்து ஏறியிருக்கும். இங்கே வரவில்லை. பட்டியலில் இல்லாத கணினிக்கு அந்த ஆண்டுப் பதிப்பு தானாக வரும் என்று நம்பி இருக்கவே முடியாது, கையால் போட வேண்டும். சில மாதம் கழித்து வேறு வேலையாகப் போனபோதுதான் பார்த்தேன், நவம்பருக்குப் பிறகு ஒரு பேட்ச்கூட ஏறவில்லை. அவர் அதில்தான் வங்கிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தத் தொல்லையும் நடக்கவில்லை. ஆனால் என்னை நம்பி உட்கார்ந்திருந்தவரை நான்தான் அப்படி விட்டுவிட்டேன் என்று பல நாள் உறுத்தியது.

நீங்கள் ரூஃபஸ், பயாஸ் எல்லாம் தெரிந்தவர், உங்கள் கணினியில் ஏதாவது நின்றால் கவனித்துவிடுவீர்கள். அப்பா கவனிப்பாரா? ஒருநாள் அரைமணி நேரத்தில் போட்டுவிடலாம். அதன்பின் அந்தக் கணினி இருக்கும்வரை பொறுப்பு உங்களுடையது.

பனையோலை:
இதை நான் யோசிக்கவில்லை அண்ணா. மாதாந்திர பேட்ச் வருவதை மட்டும் பார்த்து எல்லாம் சரி என்று இருந்தேன்.

ஆனாலும் விண்டோஸ் 10இல் அப்படியே விடுவது அதைவிட மோசம் இல்லையா? 2017 மே மாதம் வானாக்ரை என்ற கணினிப் புழு பரவியபோது அந்த ஓட்டைக்கான பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தது. மாட்டியவற்றில் பெரும்பாலானவை அதைப் போடாமல் இருந்த விண்டோஸ் 7 கணினிகள்தான். பேட்ச் எந்த வழியில் வந்தாலும் நல்லது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். புதுசு வாங்கிவிடலாம் என்பதற்கும் என்னால் தலையாட்ட முடியவில்லை. ஒரு மடிக்கணினியின் ஆயுளில் வெளியாகும் கரியமில வாயுவில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது. பத்து வருடம் உழைத்து இன்னும் உழைக்கத் தயாராக இருப்பதை ஒரு பட்டியலுக்காக எறிய எனக்கு மனம் வராது.

இரவுக்காவல்:
எறியச் சொல்லவில்லை. விண்டோஸ் 10க்கு இஎஸ்யு என்ற நீட்டிப்பு ஆதரவு இருக்கிறது, வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை. 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இருந்தால் செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே சேரலாம். அதுவரை பேட்ச் தானாக வரும், அப்பா எதையும் செய்ய வேண்டாம். அதற்குள் நிதானமாக முடிவெடுங்கள்.

செம்பருத்தி:
அந்த இடைவெளியில் ஒரு லினக்ஸ் மின்ட் பென்டிரைவைக் கொடுத்துப் பாருங்கள். வட்டில் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டலாம். அப்பா பிரௌசரும் புகைப்படமும் மட்டும்தான் பார்க்கிறார் என்றால் ஓஎஸ் மாறியதே அவருக்குப் பெரிதாகத் தெரியாது. விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் ஏதாவது இருந்தால் வேறு கதை.

பனையோலை:
இருக்கிறது. பழைய ஸ்கேனர் ஒன்று வைத்திருக்கிறார், அதன் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான்.

கோரைப்பாய்:
மென்பொருள் இல்லாவிட்டாலும் ஸ்கேனர் ஓடக்கூடும். லினக்ஸில் ஸ்கேனர்களை இயக்க சேன் என்று ஒரு மென்பொருள் உண்டு, ஏராளமான பழைய மாடல்களுக்கு அதில் ஆதரவு இருக்கிறது. பென்டிரைவில் பூட் செய்து, ஸ்கேனரைச் செருகி, ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து பாருங்கள். பத்து நிமிட வேலை.

பனையோலை:
சரி, ஞாயிற்றுக்கிழமை போகிறேன். முதலில் இஎஸ்யுவில் சேர்த்துவிடுகிறேன், அப்புறம் பென்டிரைவில் ஸ்கேனர் சோதனை. ஸ்கேனர் ஓடினால் மின்ட். ஓடாவிட்டால் அக்டோபருக்கு முன் விண்டோஸ் 11தான், அதை நானே கையால் போட்டு ஆண்டுதோறும் நானே பார்த்துக்கொள்கிறேன். இரவுக்காவல் அண்ணா இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும்.

இரவுக்காவல்:
இரண்டாவதற்கு முழு மனதோடு ஒத்துக்கொள்ளவில்லைதான். ஆனால் நீங்களே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னபின் தடுக்க மாட்டேன். அது இருக்கட்டும், உங்கள் கணினியில் இப்போது எந்தப் பதிப்பு ஓடுகிறது? ஸ்டார்ட் மெனுவில் வின்வெர் என்று தட்டிப் பாருங்கள்.

பனையோலை:
24எச்2 என்றே காட்டுகிறது. 25எச்2 வரவில்லை. நீங்கள் கேட்டிருக்காவிட்டால் பார்த்திருக்கவே மாட்டேன்.

இரவுக்காவல்:
24எச்2க்கும் 2026 அக்டோபர் 13தான் கடைசி நாள். முதலில் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுங்கள். பிறகு மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 25எச்2 ஐஎஸ்ஓவை இறக்கி, ரூஃபஸ் வழியாக இருப்பதன் மேலேயே போடுங்கள்.