கம்யூனிட்டி காலேஜில் உள்ளூர்ச் செய்தி வகுப்பு: போகலாமா?

வழிப்போக்கன்:
கலிஃபோர்னியாவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். இங்கே வந்துகொண்டிருந்த வாரப் பத்திரிகை நின்று மூன்று வருடம் ஆகிறது. இப்போது எது நடந்தாலும் பேஸ்புக் குழுவில்தான் தெரியவரும், அதில் முக்கால்வாசி புரளி. போன மாதம் ஒருவர் ‘தண்ணீர்க் கட்டணம் இரண்டு மடங்கு, தீர்மானம் போட்டாச்சு’ என்று எழுத, ஆளாளுக்குத் திட்டித் தீர்த்தார்கள். ஒருத்தர்கூட நகரசபைக் கூட்டத்துக்குப் போனவர் இல்லை, நானும்தான். பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் ஊர்க்காரர்களுக்குச் செய்தி சேகரிக்கச் சொல்லித் தருகிறார்களாம், எட்டு வாரம், நான்கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேராத வகுப்பு. நான் கணக்கு எழுதுகிற ஆள். எனக்கு இது சரிப்படுமா?

பழைய பேனா:
நான் வேறொரு காலேஜில் போயிருக்கிறேன். கலிஃபோர்னியாவில் நான்கிரெடிட் வகுப்புக்குக் கட்டணம் கிடையாது, அதனால் காசுக் கவலை வேண்டாம். முதல் இரண்டு வாரம் தூக்கம் வரும். அப்புறம் நகரசபைக்கு அழைத்துப் போனார்கள், நிஜப் பாடமே அங்கேதான். உள்ளாட்சிக் கூட்டங்களை மக்கள் முன்னால் நடத்தச் சொல்லும் பிரவுன் சட்டம் என்று 1953-லிருந்து ஒன்று இருக்கிறது. வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரம் முன்பே அஜெண்டாவை ஒட்டியாக வேண்டும். அதில் ‘கன்சென்ட் காலண்டர்’ என்று ஒரு பகுதி. ஏதோ தேதிப் பட்டியல் என்று தாண்டிவிட்டேன். பார்த்தால் 14 விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டி, பேச்சே இல்லாமல் ஒரே ஓட்டில் முடித்தார்கள், நான் பேனா மூடியைக் கழற்றுவதற்குள். சொல்லித் தந்த அம்மா, ரிட்டயரான நிருபர், ஒன்பதாவது விஷயத்தோடு இருந்த இணைப்பைப் படிக்கச் சொன்னார்: குப்பை அள்ளும் ஒப்பந்தம், டெண்டர் இல்லாமல் நீட்டிப்பு! கணக்கு தெரிந்தவர்தான் அங்கே வேண்டும். எழுதுவது தானாக வரும்.

குறுக்குக்கேள்வி:
எல்லாம் சரி, காலேஜும் வரிப்பணத்தில்தானே ஓடுகிறது? அதன் டிரஸ்டி போர்டும் தேர்தலில் ஜெயித்து வருகிறவர்கள்தான். அந்தக் கூட்டத்துக்கும் ஆள் அனுப்புவீர்களா என்று முதல் நாளே கேளுங்கள், மழுப்பினால் யோசியுங்கள். இன்னொன்று, சிகாகோவில் சிட்டி பீரோ என்கிற செய்தி அமைப்பு ஆரம்பித்த ‘டாக்குமெண்டர்ஸ்’ திட்டத்தில் கூட்டத்துக்குப் போய்க் குறிப்பெடுக்கிறவர்களுக்குக் காசு கொடுக்கிறார்கள், டெட்ராய்ட், கிளீவ்லாந்திலும் அப்படித்தான். ஓசியில் வேலை வாங்கினால் நாலாவது வாரமே பாதிப் பேர் காணாமல் போவார்கள்.

மாடிவீடு:
தண்ணீர்க் கட்டணத்தை அப்படித் திடீரென்று ஏற்ற முடியாதே. கலிஃபோர்னியாவில் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ப்ரொபசிஷன் 218 சட்டப்படி, பொது விசாரணைக்கு 45 நாள் முன்னாலேயே தபாலில் நோட்டீஸ் வர வேண்டும். பாதிக்கு மேற்பட்ட சொத்துகளிலிருந்து எழுத்தில் எதிர்ப்பு போனால் ஏற்றவே முடியாது. உறை விளம்பரக் கடிதம் மாதிரியே இருக்கும், எங்கள் வீட்டில் நேராகக் குப்பைக்குப் போனது. மேஜை டிராயரைக் குடைந்து பாருங்கள்.

வழிப்போக்கன்:
குடைந்தேன், பீட்சா கூப்பனுக்கு அடியில் இருந்தது. வருடத்துக்கு 9 சதவீதம், ஐந்து வருடத்துக்கு. ஒவ்வொரு வருடமும் ஏறிய தொகையின் மேலேயே ஏறுவதால் மொத்தம் கிட்டத்தட்ட 54 சதவீதம் வருகிறது, இந்த 54 நோட்டீஸில் எங்கேயும் இல்லை. இரண்டு மடங்கு என்றவர் அளந்துவிட்டார், ஆனால் அவரை முழுக்கத் திட்டவும் மனம் வரவில்லை. தீர்மானமும் இன்னும் போடவில்லை, விசாரணை அடுத்த செவ்வாய்தான். வகுப்பு அதற்கு அப்புறம்தான் ஆரம்பம், நான் கால்குலேட்டரோடு முதலில் அங்கே போகிறேன்.