மலைப்பாதையில் எந்தச் சரிவை முதலில் கவனிப்பது?

கேள்வி (மலைச்சாலை):
நீலகிரியில் ஒரு மலைப்பாதையின் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆபத்தான சாலையோரச் சரிவுகளை வரிசைப்படுத்தித் தரவேண்டும். நிதியோ இரண்டு மூன்று இடங்களுக்குத்தான் தேறும். உயரமான செங்குத்துப் பாறைகளை முதலில் எழுதுவது சரிதானா?

பதில் 1 (நிலவியல் வாசகர்):
உயரம் பல கூறுகளில் ஒன்றுதான். அமெரிக்காவின் ஒரேகான் மாநில நெடுஞ்சாலைத் துறை உருவாக்கிய மதிப்பீட்டு முறையில், அடிவாரப் பள்ளம் விழும் கல்லைப் பிடித்துக்கொள்ளுமா, ஓட்டுநருக்கு எவ்வளவு தூரம் முன்கூட்டியே தெரியும், பாறைப் பிளவுகள் சாலையை நோக்கிச் சாய்கின்றனவா, முன்பு கல் விழுந்திருக்கிறதா என ஒவ்வொன்றுக்கும் 3, 9, 27, 81 என்று மும்மடங்காக ஏறும் புள்ளிகள் உண்டு. அதனால் மோசமான சரிவு கூட்டுத்தொகையில் ஒளிந்துகொள்ள முடியாது. வாகனம் சரிவின் அடியில் இருக்கும் நேரத்தையும் கணக்கிடுங்கள். நாளொன்றுக்கு 2,000 வாகனங்கள் 100 மீட்டர் சரிவை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால், சராசரியாக 42 சதவீத நேரம் ஏதோ ஒரு வண்டி அங்கே இருக்கிறது. 40 கிலோமீட்டர் வேகமென்றால் அதில் பாதிதான். கொண்டை ஊசி வளைவும் டீக்கடை நிறுத்தமும் புள்ளியை ஏற்றிவிடும்.

பதில் 2 (கடப்பாரை):
முறை நல்லதுதான், ஆனால் அதை அப்படியே நீலகிரிக்குப் பொருத்தினால் ஏமாறுவோம். இங்கே சார்னோகைட் எனும் கடினப் பாறை ஆழமாகச் சிதைந்து செம்மண்ணாகிவிட, சிதையாத உருண்டைக் கற்கள் அந்த மண்ணுக்குள் பதிந்து நிற்கின்றன. செங்குத்தான முழுப்பாறை பல்லாண்டு அசையாதிருக்கும். பத்தடி உயர வெட்டுச்சரிவில் இருக்கும் கல்லோ, அதன் அடிமண் கரைந்ததும் உருண்டுவிடும். ஆகவே கல்லைவிட அதன் இருக்கையைப் பாருங்கள்: கல்லின் கீழ் விளிம்பில் புதுச் சிவப்பாக மண் அரித்த தடம் இருக்கிறதா, மேலே பிறை வடிவில் விரிசல் ஓடுகிறதா என்று. நல்ல மழைக்குப் பிறகும் தடுப்புச் சுவரின் வடிகுழாய்கள் சொட்டாமல் இருந்தால், அவை அடைபட்டுச் சுவரின் பின்னால் நீர் தேங்குகிறது என்று ஐயுற வேண்டும். என் பட்டியலில் அந்த இடந்தான் முதலில் வரும்.

மலைச்சாலை:
அப்படியானால் கம்பி வலைக்கு மதிப்பீடு போடலாமா?

கடப்பாரை:
சாதாரண வலை சிறு கற்களைத்தான் தாங்கும். பெருங்கல் அதைக் கிழித்துக்கொண்டு வரும். முதலில் உச்சியில் உள்ள வடிகாலைத் தூர்வாரிச் சரிவுக்குள் இறங்கும் நீரைத் திருப்புங்கள், பெரிய செலவில்லை. பிறகு போக்குவரத்தை நிறுத்தி, தளர்ந்த கற்களை மேலிருந்து கீழாக நெம்பி இறக்குங்கள். இறக்க முடியாத பாறைக்கு மட்டும் போல்ட், அதாவது துளையிட்டுப் பாறையை உள்ளோடு பிணைக்கும் எஃகுக் கம்பி. மண்ணாலான சரிவுக்கு மண் ஆணி, அதாவது மண்ணுக்குள் செலுத்திப் பிடிப்புக் கொடுக்கும் எஃகுக் கம்பி. கனமழையில் எந்த நிலையில் சாலையை மூடுவது, அதற்கு யார் உத்தரவிடுவது என்பதையும் இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.