பனிக் காட்சியில் வாயிலிருந்து ஆவி வராதது ஏன்?

பிடோக் மருமகள்:
டிசம்பர் மழையில் மூங்கில் கழியில் போட்ட துணி காய்வதில்லை. மாமியாரும் நானும் வீட்டுக்குள் அடைந்து, அமெரிக்கத் தொலைக்காட்சிக்கென்றே எடுக்கும் கிறிஸ்துமஸ் காதல் படங்களாகப் பார்த்துத் தள்ளுகிறோம். நகரத்துப் பெண் சிற்றூருக்குப் போவாள். அங்கே கட்டம்போட்ட சட்டைக்காரன் ஒருவன் விறகு பிளந்துகொண்டிருப்பான். அது போகட்டும். நேற்று மாமியார் கேட்டார்: “இவ்வளவு பனி கொட்டுகிறதே, பேசும்போது வாயிலிருந்து ஆவி வரவில்லையே?” நான் விழித்தேன். யாருக்காவது தெரியுமா?

உட்லண்ட்ஸ்காரன்:
உங்கள் மாமியார் கண்ணுக்கு எதுவும் தப்பாது! ஹால்மார்க் என்ற அமெரிக்கச் சேனலின் இத்தகைய படங்கள் பலவற்றைக் கனடாவில், குறிப்பாக வான்கூவர் வட்டாரத்தில், கோடையிலேயே எடுத்துவிடுகிறார்கள். பனி என்பது நுரையும் வெள்ளைத் துணியும்தான். கம்பளி மேலங்கிக்குள் நாயகிக்கு வியர்த்து ஊற்றும். படப்பிடிப்பும் பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். அந்தச் சேனலின் கிறிஸ்துமஸ் வரிசை 2009இல் தொடங்கியது. இப்போது அக்டோபரிலேயே ஒளிபரப்பு ஆரம்பித்துவிடுகிறது.

தெம்பனிஸ் அத்தை:
முத்தம் கடைசி சில நிமிடங்களில்தான். அதற்கு முன் நெருங்கினால் யாராவது கதவைத் திறந்துகொண்டு வருவார்கள். விளம்பர இடைவேளைக்கு முன் ஒரு சிறு திடுக்கிடல் வைத்தே எழுதுகிறார்கள். மாமியாரோடு கூச்சமின்றிப் பார்க்கலாம், அம்மா.

பிடோக் மருமகள்:
நன்றி. சொன்னதுதான் தவறு. மாமியார் இப்போது கதையையே கவனிப்பதில்லை. பின்னால் பச்சை இலை தெரிகிறதா என்று நாற்காலியைத் தொலைக்காட்சிக்கு அருகே இழுத்துப் போட்டிருக்கிறார். நாயகி தூக்கும் விதத்தைப் பார்த்தே காப்பிக் கோப்பை காலி என்றும் கண்டுபிடித்துவிட்டார்.