எக்ஸ்ட்ராமெடுல்லரி பிளாஸ்மசைட்டோமா: தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களே,

பிளாஸ்மா செல்கள் பெருகி உண்டாகும், சிறுகுடலில் அரிதாக வரும் இந்தப் புற்றுக்கட்டிக்குத் தமிழ்ப் பெயராக முன்மொழிந்த ‘அகணிப்புறக் குருதிநீர்ச்செல் கட்டி’ பல இடங்களில் இடறுகிறது. மெடுல்லா என்பது இங்கே எலும்பு மச்சை (மஜ்ஜை). அகணி என்றால் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதிதான் நினைவுக்கு வரும். பிளாஸ்மா செல்லுக்குக் குருதிநீர் இருப்பிடமும் இல்லை. பி செல் என்ற வெள்ளையணுவிலிருந்து முதிர்ந்து, மச்சையிலும் குடலின் சளிப்படலத்திலும் தங்கி எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) சுரப்பது அது. ஆகவே ‘எதிர்ப்பொருட்செல்’. சீழ்க்கட்டியும் கட்டிதான் என்பதால் ‘புற்றுக்கட்டி’ வேண்டும். ‘மச்சைப்புற எதிர்ப்பொருட்செல் புற்றுக்கட்டி’ என்றால் மச்சையில் நோயில்லை என்பதும் விளங்கிவிடும். இந்தக் கட்டியால் குடல் குறுகுவதற்குச் ‘சுருக்கம்’ என்ற சொல் போதுமா?

*

ஐயா,

எதிர்ப்பொருட்செல் மிகப் பொருத்தம். ஆனால் ‘மச்சைப்புற’ கட்டி இருக்கும் இடத்தை மட்டுமே சொல்லும். மைலோமா (மச்சையில் பரவும் பிளாஸ்மா செல் புற்று) முற்றியவர்களுக்கும் மச்சைக்கு வெளியே இதே கட்டி வரும். மச்சையில் ஒரே குளோன் செல்கள் (ஒரே செல்லிலிருந்து பெருகியவை) இல்லை, கால்சியம் ஏறவில்லை, சிறுநீரகம் கெடவில்லை, ரத்தசோகையோ எலும்பில் ஓட்டையோ இல்லை என்று உறுதியான பிறகே ‘தனித்த’ என்ற அடை சேரும். அதை விடவே கூடாது; சிகிச்சையே அதில்தான் பிரிகிறது.

‘சுருக்கம்’ வேண்டாம். குடல் சுருங்கி விரிவது அதன் இயல்பு. இங்கே செல்கள் சளிப்படலத்துக்கு அடியில் படர்ந்து சுவரை வளையமாகத் தடிக்க வைக்கின்றன. அது தளராது, மேற்புறக் குடல் புடைக்கும், சாப்பிட்டபின் விட்டுவிட்டு வலி, உப்புசம், வாந்தி. இது ‘ஒடுக்கம்’. ‘அடைப்பு’ அதன் விளைவு.

அறிக்கையில் ‘ஒடுக்கம்’ என்று மட்டும் எழுதி நிறுத்தினால் நம் நாட்டில் குடல் காசநோய் என்றே படிப்பார்கள். குரோன் நோயும் (நாள்பட்ட குடல் அழற்சி) லிம்போமாவும் (நிணநீர்ச் செல் புற்று) ஸ்கேனில் இப்படியே தெரியும். எண்டோஸ்கோப்பியில் மேலாகக் கிள்ளிய திசு அடியடுக்கை எட்டாமல் ‘வெறும் அழற்சி’ என்று வந்துவிடலாம். ஆழமான திசுவில், பிளாஸ்மா செல்லைக் காட்டும் சிடி138 சாயம் ஏறி, எதிர்ப்பொருளின் இருவகைச் சிறு சங்கிலிகளான காப்பா, லாம்டா இரண்டில் ஒன்றே மேலோங்கினால்தான் ஒரே குளோன் என்று சொல்லலாம்.

*

அம்மா,

‘தனித்த’ அவசியம்தான், என் வாதம் தவறு. மூக்கு, தொண்டையில் வரும் தனித்த கட்டிக்குப் பெரும்பாலும் 40 முதல் 50 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) கதிர்வீச்சு. சிறுகுடல் அவ்வளவைத் தாங்குவது கடினம் என்பதால், ஒடுங்கிய துண்டை வெட்டியெடுத்து முனைகளை இணைப்பதே வழக்கம். பின்னாளில் மைலோமாவாக மாறக்கூடும் என்பதால் ரத்தத்திலும் சிறுநீரிலும் எம் புரதத்தை (ஒரே குளோன் செல்கள் சுரக்கும் எதிர்ப்பொருள்) தொடர்ந்து பார்க்க வேண்டும்.

பதிவுக்கு இப்படி வைக்கலாமா: ‘பின்சிறுகுடலில் வளைய ஒடுக்கம், காரணம், தனித்த மச்சைப்புற எதிர்ப்பொருட்செல் புற்றுக்கட்டி (பிளாஸ்மசைட்டோமா)’. நோயாளி கையிலுள்ள சீட்டில் அந்தப் பெயர்தான் இருக்கும். அடைப்புக்குறியை எடுக்க வேண்டாம்.